அகதா கிறிஸ்டி காணாமல் போன நிகழ்வு (1926)

அகதா கிறிஸ்டி காணாமல் போன நிகழ்வு என்பது, ஆங்கிலத் துப்பறியும் புதின எழுத்தாளரான அகதா கிறிஸ்டி 1926 டிசம்பர் 3 அன்று இரவு வீட்டை விட்டு வெளியேறி, டிசம்பர் 14 அன்று வடக்கு இங்கிலாந்தின் ஹாரகேட் நகரில் உயிருடன் கண்டறியப்பட்டதைக் குறிக்கும். இடைப்பட்ட நாட்களில் அவருடைய கணவர் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டி (சுருக்கமாக ஆர்ச்சி) கொலை செய்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அவருக்கு இருந்ததாகக் கருதப்பட்ட நோக்கம் கற்பனை அன்று. ஆனால் கொலை எதுவும் நடக்கவில்லை. இதனாலேயே இந்நிகழ்வு, நோக்கத்தை முதன்மையாகக் கொண்டு ஐயப்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

பின்னணி

1926 ஆம் ஆண்டு அகதாவுக்குப் புகழையும் துயரையும் ஒருசேரத் தந்தது. ரோஜர் ஆக்ராய்டு கொலையைப் பற்றிய அவருடைய புதினம் அவ்வாண்டு வெளியாகிப் பெரிதும் பேசப்பட்டது. ஏப்ரலில் அவருடைய தாயார் கிளாரா காலமானார். ஆகஸ்டில், நான்சி நீல் என்ற பெண்ணைத் தாம் விரும்புவதாகக் கூறி ஆர்ச்சி மணமுறிவு கேட்டார். ஆர்ச்சி முதல் உலகப் போரில் வான்படைப் பிரிவில் பணியாற்றிய அதிகாரி. இவர்களுக்கு ரோசலிண்ட் என்ற ஏழு வயது மகள் இருந்தாள்.

காணாமல் போதல்

டிசம்பர் 3 காலையில் கணவன் மனைவியிடையே சச்சரவு ஏற்பட்டது. ஆர்ச்சி வார இறுதியைக் கழிக்கக் கோடல்மிங் அருகிலுள்ள நண்பர் வீட்டுக்குச் சென்றார். நான்சி நீலும் அங்கு விருந்தினராக இருந்தார். அன்றிரவு அகதா, பெர்க்சயர் மாவட்டம் சன்னிங்டேலில் இருந்த தம் வீட்டிலிருந்து மகிழுந்தில் புறப்பட்டார். மறுநாள் காலை அந்த மகிழுந்து, சர்ரே மாவட்டத்தின் நியூலேண்ட்ஸ் கார்னர் என்னுமிடத்தில், ஒரு சுண்ணாம்புக் குழியின் விளிம்பருகே ஆளின்றிக் காணப்பட்டது. உள்ளே கம்பளி உரோம மேலங்கியும் ஓட்டுநர் உரிமமும் இருந்தன. குளிர்காலத்தில் மேலங்கியை விட்டுவிட்டு ஒருவர் தாமாக நடந்து செல்வாரா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது.

கணவர் மீதான ஐயம்

சர்ரே காவல்துறையின் துணைத் தலைமை அதிகாரி வில்லியம் கென்வர்ட், அகதா இறந்துவிட்டார் என்றும் உடல் அப்பகுதியிலேயே கிடைக்கும் என்றும் உறுதியாக நம்பினார். அருகிலிருந்த சைலண்ட் பூல் என்ற குளம் துழாவப்பட்டது. பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் தேடுதலில் இறங்கினர். ஆர்ச்சி கண்காணிக்கப்பட்டார்.

நோக்கம் பற்றிய வாதத்திற்கு அக்காலச் சட்டமும் வலுச் சேர்த்தது எனலாம். 1923 ஆம் ஆண்டின் சட்டப்படி, கணவனின் பிறன்மனைத் தொடர்பை மட்டுமே காட்டி மனைவி மணமுறிவு பெற இயலும். ஆனால் தவறு செய்த கணவன் அதே தவற்றைக் காரணம் காட்டி வழக்குத் தொடர முடியாது. ஆகவே மனைவி இசையாதவரை ஆர்ச்சிக்கு வழியில்லை. அவர் தங்கியிருந்த வீடு மகிழுந்து கிடந்த இடத்திலிருந்து சில மைல் தொலைவிலேயே இருந்தது. போதாக்குறைக்கு, அகதா தமக்கு எழுதி வைத்துச் சென்ற கடிதத்தை அவர் எரித்துவிட்டார். மனைவி விருப்பப்பட்டால் மறைந்து போவதைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்று அவர் செய்தியாளரிடம் கூறியதும் தற்காப்பாகவே பார்க்கப்பட்டது.

ஐயத்திற்கு எதிரான சான்று ஒன்று தொடக்கத்திலேயே கிடைத்திருந்தது. ஆர்ச்சியின் தம்பி கேம்பெல்லுக்கு அகதா எழுதிய கடிதத்தின் உறையில் டிசம்பர் 4 தேதியிட்ட இலண்டன் அஞ்சல் முத்திரை இருந்தது. யார்க்சயரில் உள்ள ஓர் ஆரோக்கிய நீரூற்று நகருக்குச் செல்வதாக அதில் குறிப்பிட்டிருந்தார். கடிதம் தொலைந்துபோக, உறை மட்டுமே எஞ்சியது. பெர்க்சயர் காவல் அதிகாரி சார்லஸ் கோடார்டு அவர் உயிருடன் இருப்பதாகவே கருதினார். எனினும் கென்வர்ட் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த உறையைவிட ஆர்ச்சியின் குடும்பச் சிக்கல் அவருக்குப் பெரிதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

கண்டறியப்படுதல்

யார்க்சயரின் நீரூற்று நகரான ஹாரகேட்டின் நீர்ச்சிகிச்சை விடுதியில், இசைக்குழுவைச் சேர்ந்த இருவர் அகதாவை அடையாளம் கண்டு தெரிவித்தனர். டிசம்பர் 14 மாலை ஆர்ச்சி நேரில் வந்து உறுதிப்படுத்தினார். விடுதிப் பதிவேட்டில் அவர் கேப் டவுனைச் சேர்ந்த திருமதி தெரசா நீல் எனப் பதிவு செய்திருந்தார். கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயரை ஏன் எடுத்துக்கொண்டார் என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

விளக்கங்கள்

நினைவிழப்பு என்று குடும்பத்தார் அறிவித்தனர். மருத்துவர்களும் அதையே கூறினர். கணவரைச் சங்கடப்படுத்தத் திட்டமிட்டே மறைந்தார் என்ற கருத்தை ஜாரெட் கேட் 1998 இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார். கவனிக்கத்தக்கது என்னவெனில், பெண் உயிருடன் கிடைத்தபின் நோக்கத்தைத் தேடும் முயற்சி கணவரை விட்டு மனைவியின் பக்கம் திரும்பியது. 1928 இல் டெய்லி மெயில் இதழுக்கு அளித்த பேட்டியில், அன்றிரவு தாம் மிகுந்த மனச்சோர்வில் இருந்ததாக அகதா கூறினார்.

இருவரும் 1928 இல் மணமுறிவு பெற்றனர். அதே ஆண்டு ஆர்ச்சி நான்சி நீலை மணந்தார். அகதா 1930 இல் தொல்லியலாளர் மாக்ஸ் மல்லோவனை மணந்தார். 1977 இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த தன்வரலாற்றில் இப்பதினொரு நாட்கள் பற்றிய விவரம் இடம்பெறவில்லை.