மணல் ஆறும், இரும்பு ஆறாது

அல் ஐனில் நாங்கள் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையின் பின்புறத்தில் ஒரு பழைய இரும்பு அடுப்பு கிடக்கிறது. பொழுதுபட்டதும் மணல் கெதியாக ஆறிவிடும். அடுப்போ தொடமுடியாதபடி சுட்டுக்கொண்டிருக்கும். 1991 பெப்ரவரியில் வளைகுடாப் போரில் ஈராக்கிய யுத்தத் தாங்கிகள் பல அழிந்ததும் இந்த வித்தியாசத்தால்தான். மணலுக்குள் கழுத்துவரை புதைத்துவைத்த தாங்கிகளை, அமெரிக்க எஃப்-111 விமானங்களின் வெப்பக் கமராக்கள் இரவில் தேடிப் பிடித்தன.

அந்தக் கமரா காண்பது செங்கீழ்க் கதிரை. தமிழ்நாட்டார் அகச்சிவப்பு என்பார்கள். 1800இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேதான் சூடு கூட ஏறியது. 1808இல், நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போய்வந்த பொறியியலாளர் மாலுஸ், பாரிசில் லக்சம்பேர்க் மாளிகை யன்னலில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு பளிங்குக்கூடாகப் பார்த்தார். பளிங்கைத் திருப்பத் திருப்ப ஒளி மங்கியது, பிறகு கூடியது. இதுவே முனைவாக்கம்: ஒளியலைகள் ஒரு திசையில் ஒழுங்குபட்டு அதிர்வது.

இரண்டையும் ஏன் சேர்த்தார்கள்? வெப்பத்தை மட்டும் நம்பும் கமராவுக்கு ஒரு குருட்டு நேரம் உண்டு. காலையிலும் மாலையிலும் தாங்கியும் மணலும் ஒரே சூட்டுக்கு வரும் சிறு பொழுதில், படத்தில் தாங்கி மறைந்துவிடும். ஆனால் வழுவழுப்பான இரும்பும் பெயின்ரும் சரிந்த கோணத்தில் விடும் வெப்பக் கதிர் ஓரளவு முனைவாக்கப்பட்டிருக்கும். கரடுமுரடான மணலின் கதிரில் அது மிகக் குறைவு. வடிகட்டியை வெவ்வேறு கோணங்களில் வைத்து எடுத்த படங்களை ஒப்பிட்டு, மனிதர் செய்த பொருளைக் கணினி மண்ணிலிருந்து பிரிக்கிறது. பிறகு அதைத் தன்னிடமுள்ள வடிவங்களோடு பொருத்திப் பார்த்து, 'இது இலக்கு' என்கிறது.

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவந்த எங்களுக்கு இந்தப் பௌதிகம் இன்றும் பிடிக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 'இலக்கு' என்ற சொல்லில் தடக்கி நிற்கிறோம். தாங்கிகள் துல்லியமாகத் தெரிந்த அதே பெப்ரவரி 13ஆம் திகதி, பாக்தாத்தின் அமிரியா பதுங்குமிடத்தில் இரண்டு குண்டுகள் விழுந்தன. குறி தப்பவில்லை. கட்டளை நிலையம் என்று சொல்லப்பட்ட அந்த இடத்தில் இருந்தவர்கள் பொதுமக்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

1995 யூலை 9ஆம் திகதி, நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த எங்கள் சனங்கள்மீது இலங்கை விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது பகல் வெளிச்சம். பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பின்னாளில் வன்னியில் ஆளில்லா வேவு விமானத்துக்குச் சனங்கள் 'வண்டு' என்று பெயர் வைத்தார்கள். வண்டு இரைந்தால் பின்னால் கிபீர் வரும் என்பது அவர்கள் படித்த பாடம்.

இரும்பையும் மணலையும் கருவி பிரிக்கட்டும். தாங்கியையும் எங்கள் அடுப்பையும் பிரிக்கவும் அது பழகட்டும். அடுப்படியில் நிற்பது யார் என்று கேட்கவேண்டியவர், குண்டுபோடச் சொல்லும் மனிதர். அந்தக் கேள்வியையும் கணினியிடம் விட்டுவிட்டால், பிறகு நாங்கள் யாரிடம் போய் நியாயம் கேட்பது?