திருப்புளி

ஸ்குரூ டிரைவருக்குத் தமிழில் திருப்புளி என்று பெயர். புளி என்று பிரித்துவிடக் கூடாது. திருப்பு + உளி. சேரும்போது முதற்சொல்லின் உகரம் கெட்டது. திருகு + ஆணி திருகாணி ஆனதும் இப்படித்தான்.

உத்திரமேரூர்ப் பக்கத்து வயல் மோட்டாரில் போல்ட் துருவேறி இறுகி, தலையும் மழுங்கிவிட்டால், மெக்கானிக் ஸ்பேனரை வைத்துவிட்டு உளியை எடுக்கிறார். தலையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, இடஞ்சுழியாகச் சுத்தியலால் தட்டுகிறார். மண்ணெண்ணெய் ஊறிய மரை மெல்ல அசைகிறது. அடி வாங்குவதும் உளி, திருப்புவதும் உளி. சுத்தியல் அடியைச் சுழற்சியாக்கும் இம்பாக்ட் டிரைவருக்குத் திருப்புளி என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதே ஊர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியதும் உளிதான்.