பித்தளை நட்டு

பிரிட்டனில் பாய்லர் வேலை பழகுகிறவர்கள் முதலில் கற்பவற்றில் ஒன்று கசிவுச் சோதனை. வாயுவை மூடிவிட்டு, யூ வடிவக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்குகிறதா என்று இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். சும்மா நிற்கிற வேலைதானே என்று புதுப் பையன்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும்.

1968 மே 16 அதிகாலை. கிழக்கு லண்டனின் ரோனன் பாயின்ட், 22 மாடி, ஆட்கள் குடிவந்து இரண்டே மாதம். 18ஆவது மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி உரசினார். கசிந்திருந்த வாயு வெடித்துச் சுவரைத் தள்ள, கட்டடத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்தது. நான்கு பேர் செத்துப்போனார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் அகப்பட்டது, அடுப்புக் குழாயை இணைத்த தரமில்லாத ஒரு பித்தளை நட்டு. கட்டட வரலாறு பேசுகிறவர்கள் சுவர் இணைப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், நட்டை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள்.

1970இல் வாயு வேலைக்காரர்களுக்கு ‘கோர்கி’ பதிவேடு வந்தது. இஷ்டமிருந்தால் சேரலாம், அவ்வளவுதான். கட்டாயமாக்க 1991 ஆயிற்று! 2009இல் அதன் இடத்துக்கு ‘கேஸ் சேஃப்’ வந்தது. அதன் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அச்சிட்டிருக்கும். அடுப்புக்கு மட்டும் தேறியவர் பாய்லரில் கை வைக்கக் கூடாது.