சாம்பலுக்கு நிறமில்லையா?

கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் என்று நாம் சொல்லிவருவது ஒருபோதும் வெறும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்ததில்லை. இதை நான் கோட்பாட்டு நூல் எதிலும் படிக்கவில்லை. யானைக்கவுனியில் ஒரு பிரிண்ட் கடையில் கற்றேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எழுபதுகளில் எடுத்த ஒரே ஒரு புரோமைடு படம், ஓரம் அரித்துப்போய் இருந்தது. ஸ்கேன் செய்து கலர் இங்க்ஜெட்டில் பெரிதாக்கக் கொடுத்தேன். கடைக்குள் டியூப்லைட்டில் சரியாகத்தான் தெரிந்தது. வால்டாக்ஸ் சாலை வெயிலுக்கு வந்ததும் முகம் பச்சையடித்தது. திரும்பிப் போய்க் கேட்டால், "இன்னா சார், பிளாக் அண்ட் ஒயிட்டுதானே கேட்டீங்க? அதான் வந்துகீது" என்றார் கடைத் தம்பி. அடுத்த பிரிண்டில் பச்சை போய் ரோஸ் வந்தது. கூடவே, கேட்காமலே முகத்தையும் வெளுத்துக் கொடுத்திருந்தார். "அப்பா நல்லா தெரியணும்ல?"

இந்த 'நல்லா'வுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொலோடியன் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். பழுப்புத் தோல் அதில் உள்ளதைவிட இருண்டு விழும், வெள்ளைத் துணி எரிந்துபோகும். பக்கத்து ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலாரை எட்டு முறை படமெடுத்தும் உடை மட்டுமே பதிந்தது என்றொரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. அதன் ஆன்மீகப் பொருள் பக்தர்களுடையது. அந்தக் காலத் தகட்டின் கண் எப்படிப்பட்டது என்பதே என் கவலை. ஆல்புமென் தாள் பழுப்பைத் தந்தது. நமக்குப் பழகிய 'சுத்தக் கறுப்பு' பின்னால் வந்த புரோமைடு தாளின் வெள்ளித் துகள். 1960இல் ஊட்டியில் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்து, இன்று மூடப்பட்டுவிட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' தாளும் அந்த வகைதான். கலர் வந்தபோது, கோடக் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். நடுநிலை என்பது யாரோ ஒருவரின் தோலிலிருந்து அளக்கப்பட்டது.

இங்க்ஜெட்டில் இது வெளிப்படையாகிறது. சாதாரண இயந்திரம் சாம்பலை சயான், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்தே உண்டாக்குகிறது. ஒன்று இம்மி கூடினால் சாயம் தெரியும். ஒளி மாறினால் அந்தச் சமன் குலையும்; இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். கறுப்பு மையை மட்டும் போட்டால் வெளிறிய பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1991இல் ஐரிஸ் இயந்திரத்தைக் கொண்டு அச்சகம் தொடங்கிய இசைக்கலைஞர் கிரஹாம் நாஷும் தன் கறுப்பு-வெள்ளைப் படங்களை அச்சிடத்தான் அதைத் தேடிப் போனார். பிறகு ஜான் கோன் கலர் மைகளை எடுத்துவிட்டுப் பல படிச் சாம்பல் மைகளை நிரப்பினார். 2005இல் எப்சன் மூன்று கறுப்பு மைகளுடன் ஆர்2400ஐக் கொண்டுவந்தது. ஆனால் கரி மை இயல்பில் பழுப்பேறியது. அதை நடுநிலையாக்க அந்த இயந்திரமும் துளி சயானையும் மஜெந்தாவையும் சேர்க்கிறது. ஆக, நடுநிலை என்பது நிறமின்மை அல்ல. நிறங்களை ஒன்றையொன்று அடக்கவைத்துச் செய்யப்படும் ஏற்பாடு.

யானைக்கவுனியில் நின்று இதைச் சொல்வதில் பொருத்தம் இருக்கிறது. 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் வாசல்களில் ஒன்று இது. கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே கறுப்பர். கறுப்பர் நகரம் பின்னால் ஓர் அரச வாரிசின் பேரால் ஜார்ஜ் டவுன் ஆனது. பெயரை வெளுப்பதும் முகத்தை வெளுப்பதும் ஒரே கைவேலை என்று சொன்னால் மிகையா?

மூன்றாவது தடவை, மூன்று கறுப்பு மை உள்ள இயந்திரத்தை வேறிடத்தில் தேடிப்பிடித்தேன். பளபளப்பு ஏற்றாத தாள். குழல் விளக்கிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வாங்கினேன். "கொஞ்சம் ப்ரைட் பண்ணட்டா?" என்று அங்கேயும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அம்மா படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள். "இதான்டா உங்கப்பா நிறம்" என்றாள்.