கப்பல் பெட்டியும் இருபது கிலோவும்: ஊருக்குக் கொண்டுபோன பொருள்களின் வரலாறு



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம்மவர் பலர் தமிழகப் பயணத்திற்கு ஆயத்தமாகின்றனர். பயணச்சீட்டு வாங்கிய நாள் முதலே இரண்டு கவலைகள் தொடங்கிவிடும். உறவினர்களுக்கு என்ன கொண்டு போவது? அங்கே வாங்குவதையும் அவர்கள் அன்போடு தருவதையும் எப்படித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது? பெட்டியைத் தராசில் வைப்பதும் எடுப்பதும், முறுக்கு டப்பாவைக் கைப்பைக்கு மாற்றுவதும் நம் இல்லங்களில் வழக்கமான காட்சிகள்.

இந்தக் கவலைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை அன்பு மட்டும் முடிவு செய்ததில்லை. கூலி, கப்பல், துறைமுகம், சுங்கச் சட்டம், விமானத்தின் எடை வரம்பு ஆகிய அனைத்தும் சேர்ந்தே முடிவு செய்தன. அந்த வரலாற்றின் சான்றுகள் இன்னும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றின் கதையைச் சொல்லக்கூடிய முதியவர்கள்தாம் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆகவேதான் இதனை எழுத முற்பட்டேன்.

ஐம்பது காசுக் கூலி

1928ஆம் ஆண்டளவில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கு நாட்கூலியாக ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வரையறுக்கப்பட்டிருந்தன. மாதத்தில் 26 நாள் உழைத்த ஆண் 13 வெள்ளி பெற்றிருப்பார். அரிசி, பருப்பு, கடைக்கடன், ஊருக்கு அனுப்பும் பணம் ஆகியவை போக எஞ்சியதில்தான் ஊர்ப்பயணத்திற்கான சேமிப்பு. ஒரு சீலை, ஒரு குடை, ஒரு கைவிளக்கு என்று பெட்டியில் சேர்ந்த ஒவ்வொன்றும் பல நாள் உழைப்பின் பயனாகும்.

எனினும் வெறுங்கையோடு ஊர் திரும்ப எவரும் விரும்பவில்லை. கடல் கடந்தவன் நலமாக வாழ்கிறான் என்பதற்கு ஊரார் கண்ட சான்று அவன் பெட்டிதான். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். வேலையிழந்து கப்பலேறிய அவர்களுக்கு, பெட்டியில் எதுவுமின்றி ஊர் எல்லையை மிதிப்பது எத்தகைய துயராக இருந்திருக்கும் என்பதை நாம் உணர்ந்துகொள்ளலாம்.

ரஜூலாவும் தகரப் பெட்டிகளும்

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ‘ரஜூலா’ 1926ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக்குப் பயணிகளை ஏற்றிச்செல்ல அனுமதி பெற்றிருந்த கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (1972 முதல் கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகியவற்றை இணைத்து ஓடியது. போர்க்காலம் நீங்கலாக ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் குடும்பங்களைச் சுமந்த இக்கப்பல் 1973இல் இந்தியக் கப்பல் கழகத்திற்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது.

கப்பற்பயணத்தில் எடை பெருந்தடையாக இருக்கவில்லை. தகரப் பெட்டி, மரப்பெட்டி, பாய்க்கட்டு, சாக்குமூட்டை என எல்லாம் உடன் சென்றன. பயணிகள் டெக்கில் பாயை விரித்து, பெட்டிகளுக்கு நடுவே நாள்களைக் கழித்தனர். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலாமையால், நடுக்கடலிலேயே நங்கூரமிட்டு, ஆட்களையும் பெட்டிகளையும் படகுகளில் இறக்கினர். ஆடும் படகில் கண்ணாடிப் பொருளோ பீங்கானோ உடையாமல் கரைசேர வேண்டுமானால், சீலைகளுக்கு நடுவே சுற்றி வைப்பதுதான் வழி.

திரும்பி வரும்போதும் கனமான பொருள்களே வந்தன. அம்மிக்கல், ஆட்டுக்கல், பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, செம்புக் குடம், பரணில் வைக்கும் பெரிய அண்டா ஆகியவை கடல் கடந்தன. இன்று எந்த விமானப் பயணியும் ஆட்டுக்கல்லைப் பெட்டியில் வைக்க எண்ணமாட்டார். அவை நம் இல்லங்களுக்கு வந்ததற்குக் காரணம் கப்பலே.

தீர்வையில்லாத் துறைமுகமும் கட்டுப்பாடு மிகுந்த நாடும்

போருக்குப் பிறகு மலாயாப் பெட்டிக்கு ஊரில் மதிப்பு ஏறியது. அதற்கு இருபுறமும் காரணம் இருந்தது. சிங்கப்பூர் 1819 முதலே தீர்வையற்ற துறைமுகமாக வளர்ந்தது. பினாங்கும் 1969 வரை அத்தகுதியைப் பெற்றிருந்தது. கைக்கடிகாரம், நைலான் சீலை, வானொலிப் பெட்டி, பேனா, பவுடர் ஆகியவை இங்கே மலிவாகக் கிடைத்தன. மறுகரையிலோ, 1957இல் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் இந்தியா இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்தியது. அயல்நாட்டுப் பொருள் அங்கே அருமைப் பொருளாயிற்று. தங்கத்திற்கும் கட்டுப்பாடு வந்தது. 1968ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் நீக்கப்படும்வரை தனியார் தங்கக்கட்டி வைத்திருக்கத் தடை இருந்தது.

இந்தியாவின் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தை ஆசிரியர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அதன் 79ஆம் பிரிவு, பயணி தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் கொண்டுவரும் பொருளையும், உண்மையான அன்பளிப்பு அல்லது நினைவுப் பொருளையும், வரையறுத்த மதிப்பிற்குள் தீர்வையின்றி விட இடமளிக்கிறது. ஆனால் அது உண்மையான அன்பளிப்பே என்று அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும்! ஒரே பெட்டியில் பத்துக் கைக்கடிகாரங்கள் இருந்தால், பத்து மருமக்களுக்கா, விற்பனைக்கா என்ற ஐயம் எழுவது இயல்பே. 80ஆம் பிரிவு மற்றொரு வழியைத் தருகிறது. முறையாக அறிவித்த பொருளை, பயணியின் வேண்டுகோளின் பேரில் சுங்கத்துறை பாதுகாத்து வைத்து, நாடு திரும்பும்போது ஒப்படைக்கலாம். ஒளித்துவைத்து அகப்படுவதைவிட அறிவித்துவிடுவதே மேல் என்பதைச் சட்டமே சொல்லிவிடுகிறது.

இருபது கிலோ வந்த காலம்

ரஜூலாவுக்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ அவ்வழியில் ஓடியது. 1966இல் பிரான்சில் ‘பாஸ்தேர்’ என்ற பெயரோடு கட்டப்பட்ட கப்பல் அது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை நோக்கிச் செல்கையில் அதில் தீப்பற்றி உயிர்கள் பறிபோயின. அதன்பின் அந்தக் கப்பல் பயணிகளைச் சுமக்கவில்லை.

கப்பல் நின்றதும் விமானமே வழியாயிற்று. சாதாரண வகுப்புப் பயணிக்கு 20 கிலோ என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த வரம்பு. அதன்பின் வந்த மலிவுக்கட்டண விமானங்கள் பெட்டிக்கே தனிக்கட்டணம் கேட்டன. ஆட்டுக்கல்லும் அண்டாவும் இப்பட்டியலிலிருந்து விலகின. சிறியதும் எடை குறைந்ததும் எல்லார்க்கும் பங்கிடத்தக்கதுமான பொருள்கள் நிலைபெற்றன. அவற்றுள் முதன்மையானது தைலம். சிங்கப்பூரில் 1928இல் தோன்றிய கோடாலித் தைலமும், இரங்கூனில் பிறந்து 1920களில் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்த டைகர் பாமும், பினாங்கு சாதிக்காய்த் தைலமும் கப்பல் காலத்திலும் சென்றன, விமானக் காலத்திலும் செல்கின்றன. ஒரு பையில் இருபது குப்பிகள் அடங்கும், இருபது வீடுகளுக்கு உறவு சொல்லும்.

1991இல் இந்தியா பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபின் அயல்நாட்டுப் பொருள்கள் சென்னைக் கடைகளிலேயே கிடைக்கலாயின. ஆதலால் அன்பளிப்பின் பொருளும் மாறியது. முன்னர், ஊரில் கிடைக்காததைக் கொண்டு சென்றோம். இப்போது, உங்களை மறக்கவில்லை என்று சொல்லக் கொண்டு செல்கிறோம். இதனை உணர்ந்தால் பெட்டியை நிரப்பக் கடன்படும் நிலை குறையும் என்பது என் கருத்து. ஐம்பது காசுக் கூலியில் வாழ்ந்தவர்கள் ஊராரின் எதிர்பார்ப்புக்கு அஞ்சி வாங்கிச் சென்றனர். அந்த அச்சத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே கூறவேண்டும். அக்காலத்தில் ஊருக்குப் போகிறவரிடம் அண்டை வீட்டார் பொட்டலம் கொடுத்தனுப்புவது வழக்கம். அது நம்பிக்கையின் அடையாளம். இன்றோ பெட்டியில் இருப்பதற்கெல்லாம் கொண்டு செல்பவரே பொறுப்பு. உள்ளே இருப்பதைக் கண்ணால் காணாமல் எதையும் வாங்கி வைத்தல் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்ப்போம்.

வகுப்பறையில் ஒரு முயற்சி

ஆசிரியர்களே, ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு சிறு பணியைக் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் கடல் கடந்து வந்த பழம்பொருள் ஒன்றைக் கண்டறிந்து, அதன் பெயர், எடை, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், கப்பலிலா விமானத்திலா என்னும் ஐந்து செய்திகளை எழுதி வரச் சொல்லுங்கள். விடை தெரியாவிட்டால் பாட்டி, தாத்தாவிடம் கேட்கட்டும். ‘அண்டா’, ‘செம்பு’, ‘படி’, ‘மரக்கால்’ போன்ற சொற்களும் இவ்வழியே மாணவர்க்கு அறிமுகமாகும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போதும் புதுப்பிக்கும்போதும் பழைய பித்தளையை எடைக்குப் போடுவதற்கு முன், அதன் வரலாற்றை ஒரு தாளிலேனும் எழுதி வைத்துவிடுங்கள். பழம்பொருள் கடைக்காரருக்கு அது சில கிலோ பித்தளை. நம் பிள்ளைகளுக்கோ, பாட்டன் பாட்டி எந்தக் கப்பலில் எந்தத் துறைக்கு வந்து இறங்கினர் என்பதற்கு வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே சான்றாகவும் அது இருக்கக்கூடும்.