ஈடில்லார்க்கு வங்கிக் கதவு திறந்த வரலாறு

மதுரை–திண்டுக்கல் சாலையில் அமைந்த பரவையின் காய்கறிச் சந்தைக்கு விடியுமுன் வரும் சிறு வியாபாரிக்கு முதல் தேவை கொள்முதலுக்கான கைப்பணம். அப்பணத்தை யாரிடம், என்ன வட்டிக்குப் பெற்றோம் என்பது நம் மக்களின் பொருளியல் வரலாற்றில் பாதி எனலாம்.

தண்டல்காரர் 1,000 ரூபாய் என்று எழுதி, 100 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 900 தருவார். நாளுக்கு நூறாகப் பத்தே நாளில் 1,000 வசூலிப்பார். வங்கியோ பட்டா கேட்டது. நிலம் மறுக்கப்பட்டவரிடம் நிலப்பத்திரம் கேட்டால் அவர் எங்கே போவார்?

1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் முதல் வழியைத் திறந்தது. பின்னர் 1920இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோர் நலப்பணியைத் தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைத்தது. நம் முன்னோர் பலர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடன் பெற்று, தவணையில் செலுத்தி வீட்டுமனை பெற்றனர். கூட்டுப் பொறுப்பே அவர்தம் ஈடு.

1969 சூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல் ஏழையர்க்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. பின்னர் அக்கடனில் 40 விழுக்காடு ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு என்றும் விதிக்கப்பட்டது. தண்டலில் 900 ரூபாய்க்குப் பத்து நாளில் போகும் தொகை 100. இத்திட்டத்தில் அதே 900க்கு ஓராண்டு வட்டி 36 ரூபாயே! ஆயினும் கடன் தொகை சிறிது. வங்கிகளுக்கு வைக்கப்பட்ட இலக்கும் மொத்தக் கடனில் ஒரு விழுக்காடே.

1990இல் மதுரை வட்டாரத்தில் களஞ்சியம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தோன்றின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கிற்று. அழகர்கோவிலை அடுத்த புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை, விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியத்தின் தலைவியரில் ஒருவர். 2001இல் அவருக்கு விருதளித்த பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். தவறாமல் சேமித்துத் தவறாமல் திருப்பிய ஏழைப் பெண்களின் நாணயத்துக்குக் கிடைத்த வணக்கம் அது.

தண்டலையும் மீட்டர் வட்டியையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவருக்கேனும் 10 இலட்சம் முதல் 1 கோடி வரை தொழிற்கடன் வழங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மத்திய அரசுத் திட்டம் கூறிற்று.

இளைஞர்களே! சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே செல்வது நம் கடமை. விண்ணப்பம் எழுதத் தெரியாமையாலும் வரவு செலவுக் குறிப்பு இல்லாமையாலும் வாசலிலிருந்தே திரும்பியோர் நம்மிடையே பலர். சங்கம் வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கற்றவர் ஒவ்வொருவரும் தம் தெருவிலுள்ள ஒரு வியாபாரிக்குக் கணக்கு நோட்டு எழுதக் கற்றுக்கொடுங்கள். வங்கிக்கு அவருடன் சென்று அருகில் நில்லுங்கள். நாம் பெற்ற கல்விக்கு அதுவே வட்டி.