நிழலே வேண்டாம்னு சொன்னது யாரு?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு ஷெட்டை நினைச்சுக்கோங்க. வாசல் வழியா வர்ற வெயில் தரையில பட்டுத் தெறிக்குது. அதனாலதான் மெஷினோட அடிப்பக்கமும் தெரியுது.

இந்தத் தெறிப்பு வெளிச்சத்தை நம்ம நாட்டு சினிமாவுல பிடிச்சவர் சுப்ரதா மித்ரா. 1956ல வந்த சத்யஜித் ராயோட 'அபராஜிதோ'வுக்கு, காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள்ள செட் போட்டாங்க. திறந்த முற்றத்துல இல்லாத நிழலெல்லாம் செட்ல விழுமேன்னு மித்ரா மறுத்தார். கடைசியில மேல வெள்ளைத் துணி கட்டி, கீழேருந்து விளக்கடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்துல எடுத்தார்.

கணினிக்கு இது 1984லதான் கைவந்தது. அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்துல, ஒரு பரப்புலேருந்து இன்னொண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் போகுதுன்னு கணக்குப் போட்டாங்க. பேரு ரேடியோசிட்டி.

1993ல அதே கார்னெல்ல கேள்வியைத் திருப்பிப் போட்டாங்க. முப்பரிமாணக் காட்சியில வெளிச்சம் எங்க வேணுமோ அங்க நீங்க தீட்டுங்க. எந்த விளக்கு எவ்வளவு எரியணும்னு கணினி கண்டுபிடிக்கும்.

அப்போ லைட்டிங் ஆர்ட்டிஸ்ட் எதுக்குன்னு கேட்பீங்க. தீட்டுறது யாருன்னு பாருங்க. துணி கட்டுற வேலையை மென்பொருள் செய்யும். காசி முற்றத்துல நிழல் விழாதுன்னு அதுக்கு யாராவது சொல்லணும்.